கம்பியில் மூன்றாவது மூச்சு

என் மகள் பூவாயி ஒளிந்திருந்த வீடு அவளுக்கும், எனக்கும், இடம் கொடுத்த ரத்தினம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். வேறு ஒரு ஆளுக்குத் தெரிந்தால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள். நான் கூட்டிச் சொல்லவில்லை. அவள் புருஷன் இளையபெருமாள் ஐப்பசி மழையில் ஒருநாள் அவள் தலையில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுத் தீக்குச்சியை உரசினான். குச்சி நமத்துப் போயிருந்தது. அவன் அடுத்த குச்சியை எடுப்பதற்குள் இவள் கொல்லை வேலியைத் தாண்டி, வயல் வரப்பெல்லாம் விழுந்து எழுந்து, சிங்கவரத்தில் என் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். எத்தனை தரம் தலைக்கு ஊற்றியும் அந்த வாடை போகவில்லை.

பஞ்சாயத்து கூடியது. புருஷன் வீட்டுக்கே அனுப்பு, அவனுக்கு நாங்கள் புத்தி சொல்கிறோம் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, முதல் பஸ்ஸில் அவளைத் திருவண்ணாமலைக்கு ஏற்றிவிட்டேன். ரத்தினம்மாள் அங்கே தனியாக இருக்கும் நர்ஸம்மா. என் மனைவி காத்தாயி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட இருந்து பார்த்தவள். நான் நம்பிய மனிதர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் அவள் ஒருத்தி.

நான் மாட்டுத் தரகன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வது கிடையாது. கையைத் துண்டால் மூடிக்கொண்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். சுற்றிச் சந்தையே நின்று பார்த்தாலும் ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது. அப்படியே காலம் தள்ளியவனுக்கு டெலிபோன் என்பது நடுச்சந்தையில் அம்மணமாக நின்று கத்துவது மாதிரி. கம்பி எங்கெங்கோ போகிறது. யார் வீட்டு ஜன்னல் ஓரமாகப் போகிறது, எவன் நடுவில் காதை வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் மகள் இருக்கிறாளா செத்தாளா என்று தெரிய வேண்டுமே. வேறு வழி இல்லை.

செஞ்சிக் கடைத்தெருவில் ஜான் பாஷா உரக்கடை வைத்திருந்தார். அவர் கடையில் ஒரு போன் இருந்தது. அது அவருடையது இல்லை. பக்கத்து லாரி புக்கிங் ஆபீசின் போன்; அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, சுவரில் துளை போட்டு, இவர் கடையிலும் ஒரு கருவி வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே நம்பர். மணி அடித்தால் இரண்டிலும் அடிக்கும். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் பூவாயி அந்த நம்பருக்குப் பேசுவாள் என்று ஏற்பாடு. இருக்கிற ஊரிலிருந்து பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன். டிரங்கு கால் என்றால் ஆபரேட்டரம்மா முதலில் ஊர் பெயரைச் சொல்லித்தானே ஆளைக் கூப்பிடுகிறாள். அதனால் போளூர், ஆரணி என்று எங்காவது பஸ்ஸில் போய், அங்கே தபாலாபீசில் நின்று பேசுவாள்.

பேசுவதையும் மூடித்தான் பேசினோம். மாட்டு உடம்பில் மயிர் சுழித்திருப்பதை வைத்து நல்லது கெட்டது சொல்லும் சுழிகளைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஏறுபூரான் சுழி என்றால் எல்லாம் நல்லபடி இருக்கிறது, அசையாதே. விலங்கு சுழி என்றால் இங்கே உன்னைத் தேடுகிறார்கள், வெளியே தலை காட்டாதே. பாடை சுழி என்றால் உடனே அந்த வீட்டை விட்டுக் கிளம்பு. ரத்தினம்மாளுக்கு வெள்ளைப் பசு என்று பெயர். கேட்பவனுக்கு ஏதோ கிழவன் மகளிடம் மாட்டு வியாபாரம் பேசுகிறான் என்று இருக்கும். உரம் வாங்க வருகிறவனுக்கும் லாரிக்காரனுக்கும் சுழியைப் பற்றி என்ன தெரியும்?

அந்த வெள்ளிக்கிழமை போளூரிலிருந்து கூப்பிட்டாள். கன்றுக்கு ஏறுபூரான் சுழி, தீனி எடுக்கிறது என்றாள். வெள்ளைப் பசு இன்னும் அக்கம்பக்கத்தில் பிரசவம் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அப்போது பக்கத்து ஆபீசுக்கு முன்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சுவர் வழியாக இடது காதில் கேட்டேன். அதே ஹாரன், அதே நேரம், ரிசீவர் வழியாக வலது காதிலும் கேட்டது.

போளூரில் பேசுகிறவள் பக்கத்தில் செஞ்சி லாரி எப்படி ஹாரன் அடிக்கும்? அப்புறம் கூர்ந்து கேட்டேன். அவள் மூச்சு, என் மூச்சு, அதற்கு நடுவில் இன்னொரு மூச்சு.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். லாரி ஆபீஸ் மேஜைமேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இளையபெருமாள் உட்கார்ந்திருந்தான். கேரளாவுக்கு அடிமாடு ஏற்றுகிறவன், லாரி பேச அங்கே வந்து உட்காருவான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் உறைக்கவில்லை. அவன் கை இன்னும் ரிசீவர்மேல் இருந்தது.

“வா மாமா. கன்னுக்குட்டி ஏறுபூரானா? நல்ல சுழிதான். ஆனா எங்க வீட்ல இருந்தப்ப இறங்குபூரான் மாதிரியில்ல இருந்திச்சு.”

அவன் அப்பன் என்னோடு சந்தை சந்தையாக நடந்தவன். இவன் எழுத்துக்கு முன்னால் சுழி படித்தவன். யார் காதுக்குப் பயந்து அந்த பாஷையைப் பொறுக்கினேனோ, அவனுக்கு அது தாய்ப்பால் மாதிரி. எத்தனை வாரமாகக் கேட்டிருக்கிறான்? வெள்ளைப் பசு, பிரசவம், போளூர், அதற்கு முந்தின வாரம் ஆரணி. ஒரு தாதியம்மா. இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனை தாதிகள் இருந்துவிடப் போகிறார்கள்? ஒவ்வொரு வீடாகத் தட்டினால் போதும்.

வேறு போனுக்குப் பேசு என்று அவளிடம் சொல்லலாம். அதைச் சொல்வதற்கும் இந்தப் போன்தான் இருந்தது. கடுதாசி எழுத வேண்டுமானால் வேறு ஒருவனிடம் விலாசம் சொல்ல வேண்டும். தந்தி கொடுத்தால் கொடுக்கிறவன், வாங்குகிறவன், கொண்டுபோகிறவன் எல்லாரும் படிப்பார்கள். நேரே போய்விடலாம் என்று மறுநாள் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினேன். பின்சீட்டில் இளையபெருமாளின் மாடோட்டி ஒருவன் உட்கார்ந்திருந்தான். நான் கீழ்பென்னாத்தூரில் இறங்கினேன். அவனும் இறங்கினான். ஒரு வீட்டு வாசலில் கட்டியிருந்த எருமையை வாங்க வந்தவன் மாதிரி அதன் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். எருமைக்காரன் விற்கிற எண்ணமே இல்லை என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தான்.

வாரத்தின் நடுவில் ஜான் பாஷா ஆள் அனுப்பினார். மகள் போனில் இருக்கிறாளாம், அழுகிறாளாம், உடனே வரச் சொன்னாராம். எதிரே வந்தவன் சைக்கிளை வாங்கிக்கொண்டு மிதித்தேன். கடைக்குள் நுழைந்தபோது எனக்கு மூச்சே வரவில்லை. ரிசீவரில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். நைனா, அவரு வந்துட்டாரு, நான் ஓடியாந்துட்டேன், கையில ஒண்ணும் இல்ல, திரும்பி அந்த வீட்டுக்கே போவட்டுமா, யார் வீடுன்னு கேக்குறாங்க, பேரைச் சொல்லு என்றாள். குரல் பூவாயி மாதிரி இருந்தது. அழும்போது எல்லாக் குரலும் ஒன்றுதான். அவளுக்கே தெரிந்த பேரை என்னிடம் ஏன் கேட்கிறாள் என்று அப்போது தோன்றவில்லை.

“அழாத கண்ணு. ரத்தி…”

ஜான் பாஷா கை நீட்டிக் கருவியின் கட்டையை அழுத்தினார். லைன் போய்விட்டது. நான் அவரை அடிக்கவே போய்விட்டேன்.

“ஆபரேட்டரம்மா பேசினாளா அண்ணே?” என்றார் மெதுவாக. “டிரங்குன்னா மொதல்ல அவ தானே ஊர் பேரு சொல்லுவா? எனக்கும் அவ பேசல. மணி அடிச்சுது, எடுத்தேன், அழுகை. உனக்கு ஆள் அனுப்புன அப்புறம்தான் ரோசனை வந்திச்சு. இது உள்ளூர் போன்.”

நான் அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குள்ளேயே ஏதோ ஒரு போனில் எவளையோ நிற்க வைத்து அழச் சொல்லியிருக்கிறான். அழுகைக்கு இளகாதவன் என்று சந்தையில் பெயர் வாங்கியவன் நான். பாதிப் பெயரை வாயிலிருந்து கொட்டிவிட்டேன். ரத்தினம், ரத்னா, ரத்தினம்மாள் — மீதியை அவனே நிரப்பிக்கொள்வான்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு மண்ணெண்ணெய் டின். மூடிமேல் புதுத் தீப்பெட்டி. பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். ரேஷனில் எண்ணெயே வரவில்லை, உனக்கு மட்டும் எவன் கொண்டுவந்து வைத்தான், எனக்கு ஒரு லிட்டர் ஊற்று என்றாள். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. டின்னைத் தொடவும் பயம், அங்கேயே விடவும் பயம். வேலிப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தீப்பெட்டியைக் கிணற்றில் போட்டேன். அன்றைக்கு முழுக்க அடுப்பு மூட்டவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. இளையபெருமாள் காலையிலேயே லாரி ஆபீசில் வந்து உட்கார்ந்துவிட்டான். நான் உரக்கடைக்குள் போவதைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மணி அடித்தபோது நான் எடுத்தேன். ஆபரேட்டரம்மா போளூர் டிரங்கு, பொன்னுசாமி இருக்கிறாரா என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் ஒரு சின்னச் சத்தம், பக்கத்தில் அவன் ரிசீவரைத் தூக்குகிற சத்தம். மூச்சு வந்தது. ஒளிக்கக்கூட இல்லை.

நைனா, கன்னுக்கு என்று பூவாயி ஆரம்பித்தாள்.

“சுழியெல்லாம் விடு கண்ணு. உன் புருஷன் பக்கத்து ஆபீசுல இதே போனை எடுத்துக் கேட்டுக்கினு இருக்குறான். போன வாரமும் கேட்டான். இப்பவும் கேக்குறான். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாத.”

வெள்ளைப் பசுவும் கூட வந்திருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அது ஒன்று நல்லதாயிற்று. ஆனால் எங்கே வரச் சொல்வது? நான் சொல்கிற ஊரெல்லாம் அவன் காதில் விழும். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த இடமாக இருக்க வேண்டும். யோசித்து வைத்திருந்தேன். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு திருவிழாவில் காணாமல் போய், வளையல்காரி கடைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. சின்னதில் நீ காணாமல் போனாயே, அங்கே வா என்றேன்.

“வேணாம் நைனா. அத நான் அவருகிட்ட சொல்லிட்டேன். கல்யாணமான புதுசுல.”

மூச்சு மூக்கு வழியாகச் சிரித்தது.

ஒரு பெண் புதுப் புருஷனிடம் எதைத்தான் சொல்லாமல் இருந்திருப்பாள்? என் மடியில் இருந்த கதையெல்லாம் அவன் மடிக்குப் போயிருக்கும். நான் என்ன சொன்னாலும் அவனுக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும். நேரம் முடியப் போகிறது என்று ஆபரேட்டரம்மா நடுவில் சொன்னாள்.

“நைனா, நீ அழுதியே, அங்க வா,” என்றாள் பூவாயி.

“நான் எங்கடி அழுதேன்?”

“நீ அழுத. நான் பாத்தேன். அத மட்டும் நான் யாருகிட்டயும் சொல்லல.”

அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான். கோபமே இல்லை. மாட்டுக்கு என்ன வயசு என்று கேட்பது மாதிரி கேட்டான்.

“எங்கடி அழுதான் உங்கப்பன்?”

அவள் போனை வைத்துவிட்டாள். நானும் அவனும் கம்பியின் இரண்டு பக்கம் நின்றோம். நடுவில் ஒரு சுவர்தான். மாமா, நீயே சொல்லிடு, வயசான காலத்துல ஓட வேணாம் என்றான். நான் ரிசீவரை வைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். அவன் ஆட்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு திசை பிரித்தான். ஜான் பாஷாவும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். ஒருத்தன் சிங்கவரம் சுடுகாட்டுக்கு. ஒருத்தன் காத்தாயி பிறந்த ஊருக்கு. ஒருத்தன் மலைமேல் பெருமாள் கோயிலுக்கு, கிழவன் மனைவிக்காக வேண்டிக்கொண்ட இடம். அவன் மட்டும் காத்தாயி செத்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றான். பைக்குகள் கிளம்பின. ஆம்பளை அழுகிற இடமாக அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். ஒரு குறையும் சொல்ல முடியாது, நியாயமான கணக்கு. ஆனால் காத்தாயி செத்தபோது நான் அழவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு வேலை நிறைய இருந்தது.

நான் அழுதது அவலூர்பேட்டைக்கு முன்னால், ஏரி மதகுப் பக்கம். காத்தாயியின் வைத்தியத்துக்காக எங்கள் செவலைப் பசுவை அவலூர்பேட்டைச் சந்தையில் விற்றேன். கன்று வீட்டில் நின்றது. வாங்கியவன் இழுத்துக்கொண்டு போகும்போது அது திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தியது. விலை பேசி முடித்துவிட்டு வரும் வழியில் மதகின்மேல் உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பூவாயி கீழே வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மாட்டுத் தரகன் மாட்டுக்காக அழுதான் என்றால் எந்தச் சந்தையில் தலை காட்ட முடியும்? அதனால்தான் அவள் புருஷனிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. அப்பன் மானம் போகும் என்று.

ஜான் பாஷாவின் டெம்போ அனந்தபுரத்துக்கு யூரியா ஏற்றி நின்றது. அதை எதிர்ப்பக்கம் திருப்பினார். என்னை மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்துத் தார்ப்பாயை மூடினார். அந்த நெடியில் கண்ணும் மூக்கும் ஊற்றியது. வழியில் எங்கோ ஒரு பைக் கூடவே வந்து, அப்புறம் தாண்டிப் போயிற்று. அது அவன் ஆளா, வேறு யாராவதா, இன்றைக்கும் தெரியாது. மதகருகில் என்னை இறக்கிவிட்டு, நிற்க வேண்டாம் என்று நானே அவரை அனுப்பிவிட்டேன். வண்டி நின்றால் ஏன் நிற்கிறது என்று எவனாவது கேட்பான்.

யாரும் இல்லை. ஏரியில் கொக்கு இருந்தது. ஒவ்வொரு பஸ்ஸாக வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், பூவாயி இல்லை. எனக்கு ஒவ்வொன்றாகத் தோன்ற ஆரம்பித்தது. போளூர் பஸ் ஸ்டாண்டிலேயே அவன் ஆள் வைத்திருந்தால்? நான் நினைத்த இடமும் அவள் நினைத்த இடமும் வேறாக இருந்தால்? இதற்கு முன்னால் வேறு எங்காவது நான் அழுது, எனக்கே மறந்துபோயிருந்தால்? கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத கேள்விகள். ஒரு பைக் வந்து பக்கத்தில் நின்றது. என் உயிர் போய்விட்டது. சேத்துப்பட்டுக்கு இதுதானே வழி பெரியவரே என்றான் அதில் வந்தவன். நான் தலையாட்டினேன்.

வெயில் தாழ்ந்தபோது ஒரு பஸ்ஸிலிருந்து ரத்தினம்மாளின் வெள்ளைப் புடவை முதலில் இறங்கியது. பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு பூவாயி. கையில் ஒரு துணிப்பை மட்டும். மதகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தினம்மாள் எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். தன் தங்கை வெளியூரில் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை வாங்கித் தருவாள், தானும் கூடவே போய்க் கொஞ்ச நாள் இருப்பதாகச் சொன்னாள். ஊர் பேரைச் சொல்ல வாயெடுத்தாள்.

“வேணாம்மா. சொல்லாத,” என்றேன். “எந்தத் திசைன்னுகூட எனக்குத் தெரிய வேணாம்.”

பூவாயிக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

“அப்ப உன்னை எப்பிடிப் பாக்குறது நைனா?”

“பாக்க வேணாம். போன் பண்ணாத. கடுதாசி போடாத. எவன் வந்து உங்கப்பன் செத்துட்டான்னு சொன்னாலும் வந்துடாத. நானே வந்து கூப்பிட்டாக்கூட நம்பாத.”

இதைவிட நான் என்ன செய்ய முடியும்? எவளோ ஒருத்தி அழுததற்கே பாதிப் பெயரைச் சொன்னவன் நான். அவன் டின்னோடு வந்து நின்றால், என் தலையில் எண்ணெய் இறங்கும்போது, நான் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பேன்? என்னை நானே நம்பவில்லை. தெரியாததை மட்டும்தான் சொல்ல முடியாது.

அவள் அழவில்லை. துணிப்பையிலிருந்து கட்டுச்சோறு எடுத்து என் கையில் வைத்தாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

அவலூர்பேட்டைப் பக்கமிருந்து ஒரு பஸ் வருவது தெரிந்தது. எதிர்ப்பக்கமிருந்தும் ஒன்று வந்தது. எதில் ஏறுவார்கள் என்று பார்க்கக் கூடாது. நான் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்டக்டர்கள் ஊர் பேரைக் கூவிக்கொண்டே வருவார்களே, அதற்காக இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்தேன். போதாது என்று வாய்க்கு வந்ததை உரக்கப் பேசிக்கொண்டு நின்றேன். பஸ்கள் நிற்பதும் கிளம்புவதும் மதகுக் கல் வழியாக உள்ளங்காலில் அதிர்ந்தது. ஒன்று போனது. இன்னொன்று போனது. பிறகும் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

திரும்பியபோது சாலையின் இரண்டு பக்கமும் புழுதி அடங்கியிருந்தது. சோற்றை அங்கேயே உட்கார்ந்து தின்றேன். பிறகு எழுந்து செஞ்சியை நோக்கி நடந்தேன். அவன் என் வீட்டு வாசலில் காத்திருப்பான். கேட்பான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நடந்தேன்.